பட்டியலில் வந்த உறுப்பினர் எங்கள் ஊர்களில் செய்யும் வேலை: உங்கள் பக்கம் எப்படி?

குளக்கட்டு:

2025 மே 6 உள்ளூராட்சித் தேர்தல் முடிந்து பிரதேச சபை கூடத் தொடங்கிச் சில மாதங்கள் ஆகிவிட்டன. 2023 மார்ச்சில் பழைய சபையின் காலம் முடிந்த பிறகு இரண்டு வருடத்துக்கு மேல் எங்கள் பக்கம் உறுப்பினர் என்று ஒருவரும் இல்லை. தெருவிளக்கு எரியாவிட்டாலும் கந்தோருக்குப் போய்ச் செயலாளரைத்தான் பார்க்க வேண்டும். இப்போது ஆட்கள் வந்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவரைப் பற்றி எழுதத்தான் இந்த இழை. பெயரும் கட்சியும் வேண்டாம், வேலையை மட்டும் பேசுவோம்.

நான் இருப்பது இலங்கையின் வன்னிப் பக்கம், பரந்தன்–முல்லைத்தீவு ஏ-35 வீதியில் இருந்து உள்ளே போகும் ஒரு கிராமம். இந்த அக்கா ஒரு வட்டாரத்தில் நின்று வென்றவர் இல்லை, கட்சிப் பட்டியலில் இருந்து வந்தவர். அதனால் இவருக்கென்று ஓர் ஊர் இல்லை. ஆனால் குளத்தைச் சுற்றியுள்ள ஐந்தாறு கிராமங்களுக்கும் ஸ்கூட்டியில் வந்து போகிறார். முன்பு மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் இருந்தவர் என்பதால் எந்த வீட்டில் யார் என்பது அவருக்குத் தெரியும்.

நான் மதிப்பது அவர் வந்து போவதை மட்டுமல்ல. கையில் ஒரு சி.ஆர். கொப்பி, அதாவது தடித்த அட்டைக் கொப்பி வைத்திருக்கிறார். பக்கத்தை நீளத்துக்குக் கோடு போட்டு, யார் கேட்டது, எந்தத் திகதி, எந்தக் கந்தோருக்குக் கொடுத்தது, என்ன பதில் என்று எழுதுகிறார். மாதாந்தக் கூட்டம் முடிந்ததும் அந்த மாதத்துப் பக்கத்தைப் போட்டோக் கொப்பி எடுத்துச் சனசமூக நிலையத்துப் பலகையில் ஒட்டிவிடுகிறார். பதில் வராததற்கு நேரே "பதில் இல்லை" என்றே எழுதியிருக்கும். தன் கட்சிக்காரரான தவிசாளர் (சபைத் தலைவர்) மறுத்ததையும் அப்படியே எழுதுகிறார். இதுவரை எங்கள் ஊரில் எந்த உறுப்பினரும் இதைச் செய்து நான் காணவில்லை.

உங்கள் பக்கம் எப்படி? நல்லதும் கெட்டதும் எழுதுங்கள்.

பரந்தன் தம்பி:

அண்ணை, நல்ல விஷயம்தான். ஆனால் தேர்தல் முடிந்த கையோடு எல்லோரும் இப்படித்தான் ஓடுவார்கள். 2018 பெப்ரவரியில் வந்தவர்களும் முதல் ஆறு மாதம் வீதி வீதியாகத் திரிந்தார்கள். பிறகு கொடி ஏற்றவும் பரிசு கொடுக்கவும் மட்டும் வந்தார்கள். முன்பள்ளிப் பிள்ளைக்குக் கொப்பி கொடுத்துவிட்டு அந்தப் பிள்ளையின் முகத்தைப் பேஸ்புக்கில் போடுவதைச் சேவை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உங்கள் அக்கா அப்படிச் செய்வதில்லை என்றால் சந்தோஷம். ஒரு வருடம் போகட்டும், பார்ப்போம்.

மதகடி:

நான் பிரதேச சபைக் கந்தோர்களில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். குளக்கட்டு எழுதிய கொப்பியில் "எந்தக் கந்தோர்" என்ற பத்தி இருக்கிறதே, அதுதான் முக்கியம். ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

எங்கள் சனம் வீதி என்றால் எல்லாமே சபையுடையது என்று நினைக்கிறது. அப்படி இல்லை. ஏ, பி வகை வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு. சி, டி வகை மாகாணத்தின் வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கு. வாய்க்கால் ஓரத்து வீதி பெரும்பாலும் நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கோ கமநல அபிவிருத்தித் திணைக்களத்துக்கோ உரியது. சபையின் வீதிப் பதிவேட்டில் உள்ள உள்வீதிகளும் ஒழுங்கைகளும்தான் சபைக்கு. குளமும் அப்படித்தான். 80 ஹெக்டேயருக்கு உட்பட்ட வயலுக்குத் தண்ணீர் கொடுக்கும் சிறிய குளம் கமநலத்துக்கு, பெரியது நீர்ப்பாசனத்துக்கு. தெருவில் நிற்கும் தூண் மின்சார சபையுடையது, அதில் தொங்கும் விளக்கு பிரதேச சபையுடையது.

ஒரு கமக்காரன் அரை நாள் வேலையை விட்டு பஸ் ஏறிக் கடிதம் கொண்டு வருவார். "இது எங்களுடையது இல்லை" என்று திருப்பி அனுப்புவோம். எங்கே போக வேண்டும் என்று சொல்ல அங்கே நேரம் இருக்காது, சில வேளை மனமும் இருக்காது. அவர் இரண்டு கந்தோர் அலைந்துவிட்டு அலுத்துப் போய் விட்டுவிடுவார். கடிதத்தைச் சரியான மேசைக்குக் கொண்டு போய்ச் சேர்க்கும் உறுப்பினர் ஒருவர் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

இன்னொன்று. 2018 ஒக்டோபரில் வடக்கு மாகாண சபையின் காலம் முடிந்தது, அதற்குப் பிறகு தேர்தல் வைக்கவில்லை. ஆகவே மாகாணத்துக்குரிய வீதி, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் பற்றிக் கேட்க மாகாண மட்டத்தில் நாம் தெரிந்தெடுத்த ஆள் கிடையாது. அந்தப் பாரமும் இப்போது பிரதேச சபை உறுப்பினர் தலையில்தான் விழுகிறது. அவர்களுக்கு அதிகாரம் இல்லாத இடத்திலும் சனம் அவர்களைத்தான் கேட்கும்.

பட்டிவளவு:

குளக்கட்டு அண்ணை சொல்கிற அக்காவைத்தான் நானும் சொல்ல வந்தேன் என்று நினைக்கிறேன். எங்கள் பக்கம் மாட்டுக்காரர் கூட்டத்துக்கு வந்தவர் அவரேதான்.

எங்களுக்கு மாட்டுப்பட்டி இருக்கிறது, அப்பா காலத்தில் இருந்து. வன்னியில் மாடு வைத்திருப்பவர்களுக்குக் காலபோக விதைப்பு தொடங்கினால் தலையிடி. சிறுபோகம் முடிந்து தரிசாகக் கிடக்கும் வரை வயலில் மேயும். ஒக்டோபரில் விதைத்துவிட்டால் மாட்டை வயல்வெளியில் இருந்து எடுக்க வேண்டும். எங்கே கொண்டு போவது? முன்பு காட்டோரம் விடுவோம். இப்போது அங்கே வன இலாகாவின் எல்லைக்கல் நிற்கிறது. மேய்ச்சல் தரை என்று ஒதுக்கிய இடம் கிட்டடியில் இல்லை. மாரி தொடங்கினால் நிலம் ஈரம், மாடு சூடு தேடித் தார் வீதியில் போய்ப் படுக்கும். கறுத்த மாடு, கறுத்த வீதி, வெளிச்சம் இல்லை. ஏ-9 இலும் ஏ-35 இலும் எத்தனை மோட்டார் சைக்கிள்காரர் விழுந்திருக்கிறார்கள் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும்.

சபைக்குக் கட்டாக்காலி மாட்டைப் பிடித்துத் தண்டப்பணம் அறவிட அதிகாரம் உண்டு. பிடிப்பார்கள், நாங்கள் கட்டி மீட்போம், அடுத்த கிழமை அதே மாடு அதே வீதியில். முன்பும் எங்களைக் கூட்டத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். போனால் குற்றவாளிக் கூட்டில் நிற்பது போல் இருக்கும். ஒலிபெருக்கியில் எச்சரிக்கை, அவ்வளவுதான்.

இந்த முறை விதைப்புக்கு முன்பே சனசமூக நிலையத்து வேம்பின் கீழ் கூட்டம் வைத்தார்கள். மாட்டுக்காரர், கமக்காரர் அமைப்புத் தலைவர், கிராம சேவகர், தனியார் பஸ் ஓட்டுபவர் ஒருவர், இரவில் விழுந்து கால் முறிந்த பொடியன் ஒருவனும் அவன் அம்மாவும். அக்கா முதலில் அந்தப் பொடியனைப் பேச விட்டார். அவன் யாரையும் திட்டவில்லை. எந்த இடத்தில் விழுந்தான், அங்கே விளக்கு எரியவில்லை என்று மட்டும் சொன்னான். பிறகு என் அப்பாவிடம் "ஐயா, இரவில் மாட்டைக் கட்ட உங்களுக்கு என்ன தடை?" என்று கேட்டார். அப்பா சொன்னார்: "கட்டலாம் பிள்ளை. கட்டினால் தீனி போட வேணும், தண்ணி வைக்க வேணும். பட்டி வளவில் கிணறு இல்லை." அதுவரை எங்களிடம் இதை யாரும் கேட்டதில்லை.

கடைசியில் முடிவானது இவ்வளவு. விதைப்பு முடியும்வரை இரவில் மாட்டைப் பட்டியில் அடைப்பது எங்கள் பொறுப்பு. பட்டிகள் கூடுதலாக உள்ள இரண்டு இடத்தில் தொட்டி வைத்து பவுசரில் தண்ணீர் கொடுக்கச் சபையில் கேட்பது அக்காவின் பொறுப்பு. மாடு படுக்கும் வளைவுகளில் எரியாத விளக்குகளைக் கணக்கெடுத்துக் கொடுப்பது இளைஞர் கழகத்தின் பொறுப்பு. வைக்கோலை வயலில் கொளுத்தாமல் பட்டிக்காரர் ஏற்றிக்கொண்டு போக விடுவது கமக்காரர் அமைப்பின் பொறுப்பு. இந்த வைக்கோல் யோசனையைச் சொன்னது கமக்காரர் அமைப்புத் தலைவரே. இத்தனை வருடமும் எங்களோடு சண்டை பிடித்த மனுசன்.

தொட்டி ஒன்று வந்துவிட்டது. மற்றது வரவில்லை, பலகையில் "பதில் இல்லை" என்று கிடக்கிறது. விளக்குகள் பாதி எரிகின்றன. மேய்ச்சல் தரைக்குப் பிரதேச செயலாளருக்குக் கடிதம் போயிருக்கிறது. அது இலேசில் முடியாது என்பது எங்களுக்கும் தெரியும். ஆனால் எங்கள் ஒழுங்கையில் இப்போது இரவில் மாடு வீதிக்குப் போவது குறைந்திருக்கிறது.

பரந்தன் தம்பி:

பட்டிவளவு, இதைப் படிக்க நன்றாக இருக்கிறது. கால் முறிந்த பொடியனையும் மாட்டுக்காரரையும் ஒரே இடத்தில் இருத்திப் பேச வைத்தது பெரிய விஷயம், ஒப்புக்கொள்கிறேன்.

எனக்குள்ள மனக்குறை வேறு. சிரமதானம். மாரிக்கு முன் மதகு துப்புரவு, வாய்க்கால் துப்புரவு என்று ஒவ்வொரு உறுப்பினரும் சனத்தைக் கூப்பிடுகிறார்கள். மண்வெட்டியோடு நிற்கும் படம் வருகிறது. அன்றாடம் கூலிக்குப் போகிறவன் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்து, சபை தன் தொழிலாளரையும் பெக்கோவையும் (மண் தோண்டும் இயந்திரம்) கொண்டு செய்ய வேண்டிய வேலையைச் செய்கிறான். சந்தை வாடகையும் வரியும் சபைக்குத்தானே கட்டுகிறோம்? சிரமதானம் கூடக்கூடச் சபை கை கழுவிவிடும் என்பது என் பயம்.

குளக்கட்டு:

தம்பி, இந்தக் கேள்வி நியாயமானது. நானும் இதைப் பற்றி நிறைய யோசித்தேன்.

2018 டிசம்பர் வெள்ளத்தை நினைத்துப் பாருங்கள். ஓர் இரவில் இரணைமடுக் குளம் நிரம்பி வழிந்தது, கிளிநொச்சி, முல்லைத்தீவு இரண்டு மாவட்டமும் தண்ணீரில் நின்றது. எங்கள் ஊருக்குள் தண்ணீர் ஏறியதற்குக் குளம் மட்டும் காரணம் இல்லை. வீதியின் கீழ்ப் போகும் குழாய் மதகுகளில் பற்றையும் பிளாஸ்டிக்கும் அடைத்திருந்தன, வந்த தண்ணீர் போக வழி இல்லாமல் வீடுகளுக்குள் திரும்பியது. அதற்குப் பிறகு மாரி இருட்டினால் சனமே மண்வெட்டி எடுக்கிறது, யாரும் கூப்பிடத் தேவையில்லை. வீடு நனைவது எங்களுடையதுதானே.

ஆனால் நீங்கள் சொல்வதை அக்காவும் சபையில் சொல்லியிருக்கிறார். இந்த முறை சிரமதானத்துக்கு முன் எங்கள் பக்கத்து மதகுகளை எல்லாம் நடந்து பார்த்து எழுதினார். கையால் எடுக்கக் கூடியது, இயந்திரம் தேவையானது, உடைந்து போனது என்று பிரித்தார். கையால் எடுக்கக் கூடியதை மட்டும் சனத்திடம் விட்டார். மற்ற இரண்டையும் சபையில் பிரேரணையாக வைத்தார். ஒரு மதகுக்குப் பெக்கோ வந்தது. உடைந்தவை அடுத்த வருட வரவு செலவுத் திட்டத்துக்கு என்று பதில். அதுவும் பலகையில் இருக்கிறது.

சனம் செய்த வேலைக்கு என்ன பெறுமதி என்று கணக்குப் போட்டுக் கூட்டறிக்கையில் பதியச் சொல்லியும் கேட்டிருக்கிறார். "மக்கள் பங்களிப்பு" என்று ஒரு தொகை பதிவில் இருந்தால், வேலை தேவையில்லை என்று நாளைக்கு யாரும் சொல்ல முடியாது. இன்னும் முடிவில்லை.

மல்லாவி ஆசிரியை:

பெண் உறுப்பினர்களைப் பற்றி யாரும் பேசவில்லை. நான் பேசுகிறேன்.

2018 தேர்தலில்தான் உள்ளூராட்சி சபைகளில் 25 வீதம் பெண்கள் இருக்க வேண்டும் என்பது முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது. சபையில் 60 வீதம் வட்டாரத்தில் தெரிவாகும், 40 வீதம் பட்டியலில் வரும். வட்டாரத்தில் பெண்ணை நிறுத்தக் கட்சிகள் தயங்குகின்றன, ஆகவே பெண்களில் கூடுதலானோர் பட்டியலில்தான் வருகிறார்கள். வந்த பிறகு "நீங்கள் சும்மா பட்டியல்தானே" என்று சக உறுப்பினர்களே சொல்வார்கள். ஒதுக்கீடு பிரிக்கும்போது வட்டார உறுப்பினருக்கே முதலிடம். என் சிநேகிதி ஒருத்தி 2018 இல் வேறொரு சபையில் அப்படி இருந்தவள். பேச எழும்பினால் நேரம் முடிந்தது என்பார்கள். இரவில் கூட்டம் வைப்பார்கள், அவள் வீட்டுக்குப் போகக் கடைசி பஸ் இருக்காது.

இன்னும் ஒன்று. வன்னியில் ஆண் துணை இல்லாமல் குடும்பம் நடத்தும் பெண்கள் எவ்வளவு பேர் என்று நமக்குத் தெரியும். அரசின் அஸ்வெசும நிவாரணக் கொடுப்பனவுக்குப் போட்ட விண்ணப்பம் தள்ளுபடியானால், காணிப் பேர்மிட்டில் இறந்த அல்லது காணாமல் போன கணவனின் பெயர் இருந்தால், மேன்முறையீடு எழுத அவர்கள் ஆண் உறுப்பினரின் வீட்டுக்கு இருட்டில் போக மாட்டார்கள். ஊர் என்ன சொல்லும் என்ற பயம். ஓர் அக்கா வீட்டுத் திண்ணையில் வந்து இருந்து கேட்டால் சொல்வார்கள். இது கிராம சேவகருடைய வேலை, சமுர்த்தி அலுவலருடைய வேலை என்று சொல்லலாம். சட்டப்படி சரி. ஆனால் அந்தப் பெண் முதலில் வாய் திறக்கும் இடம் எது என்பதையும் பார்க்க வேண்டும்.

குளக்கட்டு, உங்கள் அக்காவிடம் ஒரு கேள்வி கேட்டுச் சொல்லுங்கள். சபையில் அவருக்குப் பேச நேரம் கிடைக்கிறதா?

பாரதிபுரம்:

வணக்கம். எங்கள் தாத்தா பாட்டி மலையகத்தில் இருந்து வந்து குடியேறியவர்கள். கிளிநொச்சியில் பாரதிபுரம், மலையாளபுரம், தொண்டமான்நகர் என்று எங்கள் சனம் கூடுதலாக இருக்கிற ஊர்கள் பல உண்டு. உறுப்பினர்கள் தேர்தலுக்கு எல்லா வீட்டுக்கும் வருகிறார்கள். அதன் பிறகு ஒழுங்கை திருத்தக் கேட்டால் "உங்கள் ஒழுங்கை பதிவில் இல்லை, காசு ஒதுக்க முடியாது" என்று பதில். எனக்கு வயது முப்பதுக்கு மேல். பிறந்ததில் இருந்து நடக்கிற ஒழுங்கை எப்படிப் பதிவில் இல்லாமல் போகும்?

மதகடி ஐயா, இதற்கு என்ன வழி?

மதகடி:

தம்பி, வழி இருக்கிறது. நீங்கள் கேட்டது நல்லது, ஏனென்றால் பலர் அந்தப் பதிலைக் கேட்டதும் திரும்பி விடுகிறார்கள்.

பதிவேட்டில் சேர்ப்பது சபையால் முடியக் கூடிய காரியம். ஒழுங்கை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எவ்வளவு நீளம், எவ்வளவு அகலம், இரு பக்கமும் எத்தனை குடும்பம், எவ்வளவு காலமாகப் பாவனையில் உள்ளது என்று எழுதுங்கள். இரு பக்கமும் காணி வைத்திருப்பவர்கள் அகலத்துக்கு ஒப்புக்கொண்டு ஒப்பமிட வேண்டும். வேலி முன்னுக்கு வந்த வீடு ஒன்றாவது இருக்கும், அவர்களோடு முதலில் பேசித் தீர்த்துவிடுங்கள். பெரும்பாலும் அங்கேதான் காரியம் நின்றுபோகும். கிராம சேவகரின் உறுதிப்படுத்தலும் வேண்டும். இதை உறுப்பினர் ஒருவர் பிரேரணையாக வைத்துச் சபை ஏற்க வேண்டும். கொஞ்சம் இழுபடும். ஆனால் ஒருமுறை ஏறிவிட்டால் அடுத்த சபைக்காரரும் "பதிவில் இல்லை" என்று சொல்ல முடியாது.

உறுப்பினர் அசையாவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது, 2016 இன் 12 ஆம் இலக்கம். உங்கள் வட்டாரத்து வீதிப் பதிவேட்டின் பிரதியைச் சபையின் தகவல் அலுவலரிடம் எழுத்தில் கேளுங்கள். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும்.

டொரண்டோ வாசி:

எல்லோருக்கும் வணக்கம். நான் வட்டக்கச்சியில் பிறந்தவன், இப்போது கனடாவில். இந்த அக்காவைப் போன்ற ஒருவருக்கு நாங்கள் இங்கே சேர்ந்து காசு அனுப்பினால் இன்னும் நிறையச் செய்வாரே? அவருடைய கணக்கு இலக்கம் கிடைக்குமா? தொட்டி வைப்பது, மதகு கட்டுவது எல்லாம் எங்களுக்குப் பெரிய காசு இல்லை.

பரந்தன் தம்பி:

அண்ணை, தயவு செய்து வேண்டாம். உறுப்பினரின் சொந்தக் கணக்குக்கு வெளிநாட்டுக் காசு வந்தால் அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் அடுத்த மாதமே கதை கட்டிவிடுவார்கள். நல்ல ஆட்கள் இப்படிப் பெயர் கெட்டு ஒதுங்கியதை நான் கண்டிருக்கிறேன்.

மதகடி:

தம்பி சொல்வதே சரி. இன்னொரு காரணமும் உண்டு. மதகு சபையின் சொத்து. தனியார் காசில் கட்டினால் அதன் திட்டமும் அளவும் தொழில்நுட்ப அலுவலரிடம் இருக்காது. உடைந்தால் யார் திருத்துவது? கொடுக்க விரும்பினால் சனசமூக நிலையத்தின் வாசிகசாலைக்கோ முன்பள்ளிக்கோ நிர்வாகத்தின் வங்கிக் கணக்கு வழியாக, பற்றுச்சீட்டோடு கொடுங்கள். எங்கள் முன்பள்ளி ஆசிரியைகள் வாங்கும் கொடுப்பனவு மிகக் குறைவு. அதற்கு உதவினால் பிள்ளைகளுக்குத்தான் நல்லது.

டொரண்டோ வாசி:

விளங்குகிறது ஐயா. எங்கள் ஊர்ச் சங்கத்தில் முன்பள்ளி பற்றிப் பேசுகிறேன்.

குளக்கட்டு:

ஆசிரியை அக்கா கேட்டதற்குப் பதில். நேற்று அவரைச் சந்தையில் கண்டு கேட்டேன். முதல் இரண்டு கூட்டமும் கடைசியில்தான் பேச விட்டார்களாம். பிறகு பிரேரணையை வாயால் சொல்லாமல் எழுத்தில், கூட்டத்துக்கு முன்பே செயலாளரிடம் கொடுத்துப் பிரதியில் திகதி முத்திரை வாங்கத் தொடங்கினார். எழுத்தில் வந்தால் நிகழ்ச்சி நிரலில் போட்டே ஆக வேண்டும். மற்றப் பெண் உறுப்பினர்களுக்கும் இதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறார், கட்சி பார்க்கவில்லை. இப்போது அவர்கள் ஒருவர் பிரேரணையை மற்றவர் வழிமொழிகிறார்கள்.

எங்கள் கிராமத்தில் இருந்து சிலர் போய்ச் சபைக் கூட்டத்தைப் பார்த்தோம். பார்வையாளராக இருக்கலாம் என்பதே பலருக்குத் தெரியாது. நாங்கள் பின்வரிசையில் இருந்த அன்று எங்கள் ஊர் விஷயத்தை யாரும் அவசரமாகக் கடத்திவிடவில்லை.

மல்லாவி ஆசிரியை:

முத்திரை விஷயத்தை என் சிநேகிதிக்குச் சொன்னேன். "அப்போதே யாராவது சொல்லியிருந்தால்" என்றாள். இப்போதுள்ள எங்கள் பக்கத்து உறுப்பினர்களுக்கு நானே சொல்லப் போகிறேன்.

பட்டிவளவு:

மதகடி ஐயா, ஒன்று கேட்க வேண்டும். வரவு செலவுத் திட்டம் வரப்போகிறது என்கிறார்கள். மாட்டுத் தொட்டி, விளக்கு, பாரதிபுரம் தம்பியின் ஒழுங்கை எல்லாம் அதில் ஏற என்ன செய்ய வேண்டும்? உறுப்பினரை மட்டும் நம்பி இருக்கவா?

மதகடி:

இருக்க வேண்டாம். 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தில் குழுக்கள் என்று ஒன்று இருக்கிறது. நிதி, வீடமைப்பும் சமூக அபிவிருத்தியும், தொழில்நுட்பம், சுற்றாடல் என்று. அந்தக் குழுக்களில் உறுப்பினர் அல்லாத ஊரவரையும் சேர்க்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. நான் வேலை செய்த இடங்களில் அதைப் பாவித்தது மிகக் குறைவு, கேட்டு வந்தவர்கள் இல்லை. உங்கள் பக்கத்தில் கமக்காரர் அமைப்பில் ஒருவரையும் மாட்டுக்காரரில் ஒருவரையும் சுற்றாடல் குழுவில் சேர்க்கும்படி அந்த அக்காவைப் பிரேரணை வைக்கச் சொல்லுங்கள்.

வரவு செலவுக்கு இப்போதே எழுதுங்கள். நவம்பரில் வரைவு எழுதி முடிந்த பிறகு போனால் இடம் இருக்காது. சனசமூக நிலையத்தின் கடிதத் தலைப்பில், தலைவர், செயலாளர் ஒப்பத்தோடு, தவிசாளருக்கு விலாசமிட்டு, செயலாளருக்கும் உறுப்பினருக்கும் பிரதி போடுங்கள். ஒரு கடிதத்தில் ஒரு வேலை மட்டும் எழுதுங்கள். ஐந்து வேலையை ஒரே கடிதத்தில் எழுதினால் அது எந்தக் கோப்பில் போவது என்று தெரியாமல் மேசையில் கிடக்கும். இடத்தின் பெயர், நீளம், பயன்பெறும் குடும்பங்கள், முடிந்தால் ஒரு படம். நேரே கொண்டு போய்க் கொடுத்து, உங்கள் பிரதியில் முத்திரை வாங்குங்கள். வரைவை மக்கள் பார்வைக்கு வைக்கும்போது போய்ப் பாருங்கள். உங்கள் வேலை அதில் இல்லை என்றால் அந்த நேரமே எழுத்தில் கேளுங்கள்.

மாதிரிக் கடிதம் ஒன்று தேவையென்றால் சொல்லுங்கள், நாளைக்கு எழுதிப் போடுகிறேன்.

பாரதிபுரம்:

தேவை ஐயா. ஒழுங்கைக்கு ஒன்று, விளக்குக்கு ஒன்று போடுங்கள். ஞாயிற்றுக்கிழமை எங்கள் சங்கக் கூட்டம் இருக்கிறது, அன்றைக்கே ஒப்பம் வாங்கிவிடுகிறோம். வேலி முன்னுக்கு வந்த வீடு எங்கள் பெரியம்மாவுடையது, அவரோடு நான் பேசுகிறேன்.